வாடிக்கையாளரின் ரகசிய எண் நமக்கு எதற்கு?

சனிக்கிழமை சாயங்காலம் தேவாரத்தில் மளிகைக் கடை வைத்திருப்பவர்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போன பெண்கள் ஜீப்புகளில் வந்து இறங்கும் நேரம் அது. வாரக் கூலி கைக்கு வந்திருக்கும். பழைய பாக்கியைத் தீர்ப்பவர்கள் ஒரு பக்கம், அடுத்த வாரத்துக்குச் சாமான் கட்டச் சொல்பவர்கள் ஒரு பக்கம் என்று கடை நிறைந்து கிடக்கும். அப்படி ஒரு நாளில் நம் சங்க உறுப்பினர் ஒருவரின் கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

அறுபது வயது தாண்டிய ஓர் அம்மா, சாமான் கட்டியதும் இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து செல்போனை எடுத்துக் கல்லாவில் இருந்த பையனிடம் நீட்டினார். "நீயே போட்டுக்கப்பா. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல" என்று சொல்லி, நான்கு இலக்கங்களையும் உரக்கச் சொன்னார். பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். பையனுக்கு அந்த எண்ணைக் கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவர் சொல்லி முடிப்பதற்குள் அழுத்தி முடித்துவிட்டான்.

கூட்டம் குறைந்ததும் கடைக்காரரிடம் கேட்டோம்: "அண்ணே, அந்த அம்மா நம்பர் உங்க பையனுக்கு மனப்பாடமா?"

"அவனுக்கு மட்டுமா? ஒரு முப்பது நாப்பது பேரு நம்பர் எனக்கே தெரியும். நம்மள நம்பித்தானே சொல்றாங்க" என்றார். அவர் குரலில் பெருமை இருந்தது. அந்தப் பெருமையில் நியாயமும் இருக்கிறது. வங்கி மேலாளரை நம்பாத ஜனங்கள் நம் கல்லாவை நம்புகிறார்கள் என்றால், அது இரண்டு தலைமுறை உழைப்பில் வந்த சொத்து. அந்தச் சொத்துக்கு இந்த நான்கு இலக்கங்களால் எப்படிச் சேதம் வரும் என்பதை நம் வணிக அன்பர்கள் முன் வைக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தோம்.

கம்பம் பள்ளத்தாக்கிலேயே இன்னோர் ஊரில் நமக்குத் தெரிந்த ஒரு வியாபாரிக்கு நேர்ந்ததைச் சொல்கிறோம். ஊரும் பேரும் வேண்டாம். அவர் கடையிலும் இதே பழக்கம்தான். ஒரு வாடிக்கைக்காரப் பாட்டியின் கணக்கில், பேத்தி காதுகுத்துக்காகச் சேர்த்து வைத்திருந்த பதினெட்டாயிரம் ரூபாய் மூன்று தவணையாகப் போய்விட்டது. காவல் நிலையத்தில் முதல் கேள்வி: "நம்பர் யார் யாருக்குத் தெரியும்?" பாட்டி ஒளிக்காமல் பதில் சொன்னார்: "எனக்குத் தெரியும். கடைக்காரத் தம்பிக்குத் தெரியும்."

அவ்வளவுதான். இருபது நாட்கள் அவர் பட்ட பாடு சொல்லி முடியாது. கடைசியில் வங்கிக் கணக்கு விவரத்தை வாங்கிப் பார்த்தபோது, வீட்டில் இருந்த பேரன் பாட்டியின் போனிலிருந்தே ஏதோ ஆன்லைன் விளையாட்டுக்குப் பணம் கட்டியது தெரிய வந்தது. பையன் கடையில் பாட்டி சொல்லும்போது பக்கத்தில் நின்று கேட்டு வைத்திருக்கிறான். வியாபாரி மேல் குற்றமில்லை என்று ஆனது. ஆனால் அவர் நம்மிடம் சொன்னது இது: "பணம் போயிருந்தா சம்பாதிச்சுக்கலாம் சார். என் கடைக்கு எதுத்தாப்புல நின்னுக்கிட்டே அடுத்த கடைக்குப் போனாங்க. அத எங்க போயி சம்பாதிக்கிறது?"

துண்டுக்கு அடியில் ஒரு விலை

ரகசிய எண் என்பது நமக்குப் புதிதல்ல. மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டைப் போட்டு மூடி, அதற்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். ஜவுளிக் கடைகளில் பழைய முதலாளிகள் கொள்முதல் விலையைச் சீட்டில் எழுத்தாக எழுதி ஒட்டுவார்கள். ஒன்று முதல் பூஜ்யம் வரை ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஓர் எழுத்து. வாங்க வந்தவர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே பேரம் பேசுவார். அசல் விலை அவர் கண்ணெதிரே இருக்கும், அவருக்குப் புரியாது.

ஆள் யார் என்று உறுதி செய்யும் வேலையும் அந்தக் காலத்தில் வியாபாரிகளான நம்முடையதுதான். உண்டியல் நடைமுறையில் வடநாட்டில் 'ஷா ஜோக்' என்று ஒரு வகை உண்டு. கடைவீதியில் மதிப்புள்ள, அறியப்பட்ட வணிகர் ஒருவர் மூலமாக வந்தால்தான் பணம் கிடைக்கும். அதாவது "இவர் இன்னார்தான்" என்பதற்குச் சாட்சி ஒரு வியாபாரி.

கார்டு வந்தபோதும் முதலில் அப்படித்தான் இருந்தது. மிஷினில் கார்டைத் தேய்த்து, வரும் சீட்டில் வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்கி, அதைக் கார்டின் பின்னால் உள்ள கையெழுத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டியவர் கடைக்காரர். எத்தனை பேர் ஒத்துப் பார்த்தோம் என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்! திருட்டுக் கார்டு என்று பின்னால் தெரிந்தால் "நீ ஏன் பார்க்கவில்லை" என்ற கேள்வி நம்மிடம்தான் வரும்.

2013 டிசம்பர் முதல் ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி டெபிட் கார்டுக்குக் கடைகளிலும் ரகசிய எண் கட்டாயம் ஆனது. அன்றைக்கு நாம் அதைத் தொல்லை என்றுதான் நினைத்தோம். வரிசை நீளுகிறது, எண் மறந்துபோகிறது என்று சங்கக் கூட்டங்களில் குறைப்பட்டுக் கொண்டவர்கள் உண்டு. உண்மையில் அந்த மாற்றம் நம் தலையிலிருந்து ஒரு சுமையை இறக்கியது. ஆள் சரியா என்று பார்க்கும் பொறுப்பு கடைக்காரரை விட்டு வங்கிக்குப் போய்விட்டது. எண் சரியென்றால் வங்கி பணம் தருகிறது, தவறென்றால் மறுக்கிறது. நடுவில் நமக்கு வேலை இல்லை.

இறக்கி வைத்த அந்தச் சுமையைத்தான் நாம் மறுபடி எடுத்துத் தலையில் வைத்துக்கொள்கிறோம். வாடிக்கையாளரின் எண்ணை நம் கையால் அழுத்தும் ஒவ்வொரு முறையும் "இவர் இன்னார்தான்" என்று நாம் சாட்சி சொல்கிறோம். உண்டியல் காலத்தில் அந்தச் சாட்சிக்கு மரியாதை இருந்தது. இன்றைக்கு அதற்குச் சந்தேகம்தான் கூலி.

ஷில்லாங்கில் பிறந்தவர்

இந்த எண் வந்த கதையும் சுவையானது. ஜான் ஷெப்பர்டு பேரன் என்ற பிரிட்டிஷ்காரர் 1925-இல் நம் நாட்டின் ஷில்லாங்கில் பிறந்தவர். அவர் வேலை பார்த்த டி லா ரூ நிறுவனம் செய்த பணம் தரும் இயந்திரம், 1967 ஜூன் 27 அன்று லண்டனுக்கு அருகே என்ஃபீல்டில் பார்க்ளேஸ் வங்கியில் திறக்கப்பட்டது. அந்த இயந்திரத்துக்குப் பிளாஸ்டிக் கார்டு கிடையாது. வங்கி தரும் ஒரு விசேஷக் காகிதத்தைப் போட்டு, எண்ணை அழுத்தினால் பத்து பவுண்டு வரும். முதலில் அவர் ஆறு இலக்கம்தான் நினைத்திருந்தாராம். சமையலறை மேசையில் மனைவி கரோலினிடம் சொல்லிப் பார்த்தபோது, "நாலுக்கு மேல் எனக்கு ஞாபகம் நிற்காது" என்றதால் நான்கு இலக்கம் ஆனதாகப் பின்னாளில் அவரே சொன்னார். அதே காலத்தில் ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் குட்ஃபெல்லோ என்ற பொறியாளர், கார்டும் எண்ணும் சேர்ந்த முறைக்கு 1966-இல் காப்புரிமை கேட்டிருந்தார். இயந்திரத்துக்கும் எண்ணுக்கும் தந்தை யார் என்ற வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. நம் நாட்டில் முதல் ஏ.டி.எம். 1987-இல் பம்பாயில் வந்தது.

நான்கு இலக்கத்தில் 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள் உண்டு. கார்டு திருடியவன் மூன்று முறைதான் முயல முடியும், பிறகு பூட்டிக்கொள்ளும். பத்தாயிரத்தில் மூன்று என்றால் பயமில்லை என்று தோன்றும். ஆனால் மனிதர்கள் எண்ணைக் குலுக்கிப் போட்டு எடுப்பதில்லை. 2012-இல் டேட்டா ஜெனடிக்ஸ் என்ற நிறுவனம் வெளியே கசிந்த 34 லட்சம் நான்கு இலக்க எண்களை ஆராய்ந்தபோது, நூற்றுக்குப் பத்துக்கு மேல் வெறும் 1234 ஆக இருந்தது. அதே ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இன்னொரு கணக்குச் சொன்னார்கள். பணப்பைக்குள் பிறந்த தேதி எழுதிய அட்டையும் இருந்தால், பதினொன்று முதல் பதினெட்டுப் பைகளுக்கு ஒன்றில் திருடன் எண்ணைக் கண்டுபிடித்துவிடுவான் என்பது அது. நம் ஜனங்கள் வங்கிக் கார்டு, ஆதார், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு ரப்பர் பேண்டு சுற்றி வைத்திருப்பவர்கள். ஆதாரில் பிறந்த தேதி இருக்கிறது.

இன்னொன்றும் கண்டோம். யு.பி.ஐ.யில் சில வங்கிகள் ஆறு இலக்கம் கேட்கின்றன. 'பின் நம்பர்' என்றதும் தபால் பின்கோடு என்று நினைத்து 625530 என்று போட்டு வைத்தவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். 1972-இல் தபால் இலாகா கொண்டு வந்த பின்கோடு, கடிதம் வந்து சேர எல்லோருக்கும் தெரிய வேண்டிய எண். இது ஒருவருக்குமே தெரியக் கூடாத எண். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தவர்களைத்தான் நொந்துகொள்ள வேண்டும்.

வங்கிக்கும் தெரியாது

"வங்கிக்காரருக்குத் தெரியாமலா இருக்கும்? அவருக்குத் தெரிந்தால் எனக்குத் தெரிவதில் என்ன?" என்று ஒரு வியாபாரி நம்மிடம் கேட்டார். தெரியாது என்பதுதான் பதில். ஏ.டி.எம்.மிலும் கடை மிஷினிலும் எண்ணை அழுத்தியவுடனே அந்த விசைப்பலகைக்குள்ளேயே அது சங்கேதமாக மாறிவிடுகிறது. வங்கியின் கணினி மையத்தில் அதற்கென்றே உள்ள பூட்டிய கருவி ஒன்று சரிபார்த்து, ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லும். கிளையில் உள்ள மேலாளர் நினைத்தாலும் பார்க்க முடியாது. முன்பெல்லாம் புதுக் கார்டுக்கான எண் கறுப்புக் கார்பன் பூசிய ஒட்டிய உறையில் வந்ததன் காரணமும் இதுதான்.

யு.பி.ஐ. என்பது தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2016 ஏப்ரலில் தொடங்கியது. அதில் நாம் எந்தச் செயலியைப் பயன்படுத்தினாலும், எண் கேட்கும் அந்தக் கடைசிப் பக்கம் மட்டும் கழகம் கொடுத்தது. ஜிபே, போன்பே நிறுவனங்களுக்கே அந்த எண் போய்ச் சேருவதில்லை. செயலி கணக்கோடு சேரும்போது போனில் உள்ள சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தி போகிறதே, அது இந்த சிம் இந்தக் கணக்கைச் சேர்ந்ததுதானா என்று பார்ப்பதற்காக. வங்கி லாக்கருக்கு இரண்டு சாவி போல: போன் ஒரு சாவி, எண் ஒரு சாவி. போனைக் கையில் கொடுத்து எண்ணையும் சொல்லிவிட்டால் இரண்டு சாவியையும் ஒரே ஆளிடம் கொடுத்தது போல்தான்.

இவ்வளவு பேருக்கும் தெரியாத எண், நம் கல்லாப் பையனுக்குத் தெரிகிறது!

பெங்களூருத் தம்பதி

"புருஷன் பெண்டாட்டிக்குள் கூடவா ரகசியம்?" என்பார்கள். 2013 நவம்பரில் பெங்களூரில் நடந்ததைக் கேளுங்கள். பிரசவ விடுப்பில் இருந்த ஒரு பெண், தன் ஏ.டி.எம். கார்டையும் எண்ணையும் கணவரிடம் கொடுத்து ரூ. 25,000 எடுத்துவரச் சொன்னார். இயந்திரத்திலிருந்து சீட்டு வந்தது, பணம் வரவில்லை. கணக்கில் மட்டும் கழிந்துவிட்டது. நமக்கும் நடக்கக் கூடியதுதான்.

அவர்கள் பாரத ஸ்டேட் வங்கியிடம் முறையிட்டு, பிறகு நுகர்வோர் மன்றத்துக்குப் போனார்கள். கேமராப் பதிவை வாங்கினார்கள். அந்த இயந்திரத்தில் அந்தத் தொகை மிச்சம் இருந்ததைக் காட்டும் அறிக்கையையும் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் வாங்கினார்கள். வங்கி சொன்ன பதில்: கேமராவில் இருப்பவர் கணக்குக்காரர் அல்ல, எண்ணை இன்னொருவருக்குச் சொன்னது விதிமீறல். 2018 மே மாதம் மன்றம் வங்கியின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. கணவரை அனுப்ப வேண்டுமானால் சுய காசோலையோ அதிகாரக் கடிதமோ கொடுத்திருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. நான்கரை ஆண்டு அலைந்தும் பணம் கிடைக்கவில்லை.

தீர்ப்பு நியாயமா என்று கேட்டால் நமக்கும் மனம் ஒப்பவில்லை. பணம் இயந்திரத்துக்குள்ளேயே இருந்ததற்குக் காகிதம் இருந்தபோது, எண்ணைச் சொன்னதைக் காட்டிக் கதவை மூடியது கடுமைதான். ஆனால் தாலி கட்டிய கணவருக்கே இந்தப் பதில் என்றால், கடைக்காரருக்கு எண்ணைச் சொன்ன தேவாரத்துப் பாட்டிக்கு என்ன பதில் வரும் என்பதை யோசிக்க வேண்டும். நாம் உதவி என்று நினைத்துச் செய்வது, நாளைக்கு அவர் பணம் வேறு எங்கோ மோசடியில் போனால், அவர் நஷ்ட ஈடு கேட்கும் உரிமையையே அறுத்துவிடக் கூடும்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை இதைத் தெளிவாகவே வகுத்தது. வாடிக்கையாளர் தவறில்லாமல் மூன்றாம் ஆளால் பணம் போய், மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால் அவருக்கு நஷ்டமே இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் என்றால் கணக்கின் வகையைப் பொறுத்து ஓர் உச்சவரம்பு வரை நஷ்டம். ஆனால் ரகசிய எண்ணைப் பிறருக்குச் சொன்னது போன்ற அலட்சியத்தால் போனது என்றால், வங்கிக்குத் தகவல் சொல்லும் நேரம் வரை போனது முழுவதும் அவர் தலையில். தகவல் சொன்ன பிறகு போவது வங்கியின் பொறுப்பு. ஆகவே யாராவது "பணம் போச்சு" என்று கடையில் வந்து அழுதால், மற்ற விசாரணை பிறகு, முதலில் வங்கிக்கும் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் போன் போட்டுக் கொடுங்கள். மணிக்கணக்கு முக்கியம்.

வாங்குவதற்கு எண் வேண்டாம்

நம்மையே குறிவைக்கும் ஒரு மோசடியையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ராணுவ அதிகாரி என்று சொல்லிக்கொண்டு ஒருவர் போனில் அழைப்பார். முகாமுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் என்று பெரிய பட்டியல் கொடுப்பார். பேரமே பேசமாட்டார் (அதிலேயே நமக்குச் சந்தேகம் வர வேண்டாமா?). பணம் அனுப்புகிறேன் என்று ஒரு க்யூ.ஆர். படம் அனுப்பி, "ஸ்கேன் பண்ணி உங்க நம்பரப் போடுங்க, பணம் வந்துரும்" என்பார். போட்டால் நம் பணம் போய்விடும். நாடு முழுவதும் வியாபாரிகள் இதில் ஏமாந்திருக்கிறார்கள்.

ரகசிய எண் கல்லாவைத் திறக்கும் சாவி. பணத்தை உள்ளே போடுவதற்கு உண்டியலில் ஒரு துளை போதும், சாவி வேண்டியதில்லை. எண் கேட்டால் பணம் வெளியே போகிறது என்றுதான் அர்த்தம். இருப்புத் தொகை பார்க்கும்போது மட்டும் விதிவிலக்காக எண் கேட்கும். தனி ஆளுக்கு ஆள் பணம் கேட்டு அனுப்பும் வசதியையே தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது. க்யூ.ஆர். படம் அனுப்பும் தந்திரத்துக்கு அந்தத் தடை போதாது.

ஆடிட்டர் மேசையில் கிடக்கும் டோக்கன்

வாடிக்கையாளர் எண் இப்படி என்றால், நம் சொந்த எண்களை நாம் எப்படி வைத்திருக்கிறோம்? பிரைவேட் லிமிடெட், எல்.எல்.பி. என்று பதிவு செய்த மொத்த வியாபாரிகளுக்கு ஜி.எஸ்.டி.யில் டிஜிட்டல் கையெழுத்து கட்டாயம். பென் டிரைவ் போன்ற ஒரு டோக்கன், அதற்கு ஒரு ரகசிய எண். கையெழுத்துப் போடும் சாவி அந்த டோக்கனுக்குள்ளேயே இருக்கிறது, வெளியே வராது. எண்ணைச் சரியாகப் போட்டால்தான் உள்ளிருந்தபடியே கையெழுத்துப் போடும். சில முறை தவறினால் பூட்டிக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் நடப்பது என்ன? ஓர் அலுவலகத்தில் நாம் பார்த்தோம். கணக்கர் மேசை இழுப்பறையில் பத்துப் பதினைந்து டோக்கன்கள். ஒவ்வொன்றிலும் நிறுவனத்தின் பெயர் எழுதிய பிளாஸ்திரி, அதன் மேலேயே எண்! ஒரு நிறுவனத்தின் முதலாளி தன் டோக்கனை வாங்கிய நாளிலிருந்து கண்ணால் பார்த்ததில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார். இதே மனிதர் கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலைப் புத்தகத்தை அந்த இழுப்பறையில் வைப்பாரா? காசோலையாவது வங்கிப் பணத்தோடு போகும். டிஜிட்டல் கையெழுத்துக்கு 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி கைக்கையெழுத்தின் மதிப்பு உண்டு. இயக்குநர் மாற்றம், ஒப்பந்தம், வரிக் கணக்கு எதிலும் விழும். அந்தச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, சாவியைக் கைக்குள் வைத்திருக்கும் பொறுப்பு உரிமையாளருடையது என்கிறது. கைமாறிவிட்டது என்று சான்றிதழ் கொடுத்தவருக்கு அறிவிக்கும் வரை நடப்பதற்கெல்லாம் அவரே பொறுப்பு.

கணக்கர்கள் மேல் நமக்குச் சந்தேகம் இல்லை. அவர்கள் அலுவலகத்திலும் நம் கடையைப் போலவே வேலைக்கு வரும் பையன்கள் இருக்கிறார்கள், அவ்வளவுதான். டோக்கன் நம் பூட்டுக்குள் இருக்கட்டும். தாக்கல் செய்யும் நாளில் எடுத்துப் போய் நம் கையால் எண்ணைப் போட்டுவிட்டு வரலாம். தனி உரிமைக் கடைக்காரர்களுக்கு டோக்கன் தேவையில்லை, செல்போனுக்கு வரும் ஒருமுறை எண் போதும். அதைப் போனில் சொல்லும் முன் எந்தப் பத்திரத்துக்கு என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

கல்லாவில் என்ன செய்யலாம்

பாட்டிக்குக் கண் தெரியவில்லை, விரல் நடுங்குகிறது. "சட்டம் பேசாதீங்க சார், சனிக்கிழமை கூட்டத்தில் நீங்க வந்து நின்னு பாருங்க" என்று அந்தக் கடைக்காரர் நம்மிடம் சொன்னது சரிதான். அவரோடு உட்கார்ந்து யோசித்ததில் சில வழிகள் பிடிபட்டன.

முதலில் கேமரா. திருட்டுப் பயத்தில் நாம் எல்லோரும் கல்லாவுக்கு நேர் மேலே கேமரா மாட்டியிருக்கிறோம். வாடிக்கையாளர் எண்ணை அழுத்தும் இடமும் அதுவேதான். ஒரு மாதம் வரைக்கும் எல்லோருடைய விரலும் நம் பெட்டியில் பதிவாகிக் கிடக்கிறது. அந்தப் பெட்டியைப் பழுது பார்க்க வருபவர் யாரோ எவரோ! கேமராவைக் கொஞ்சம் திருப்பி, கல்லாப் பெட்டியும் ஆள் முகமும் தெரியும்படியும், மிஷின் தெரியாதபடியும் வைத்தால் போதும். அவர் அன்றைக்கே ஏணி போட்டுத் திருப்பினார்.

சில்லறைத் தொகைக்கு யு.பி.ஐ. லைட் என்று ஒன்று உண்டு. கொஞ்சம் பணத்தை முன்கூட்டியே போனில் ஏற்றி வைத்தால் சிறு தொகைகளுக்கு எண்ணே கேட்காது. ஒரு முறைக்கான வரம்பை 2024-இல் ஆயிரம் ரூபாயாக உயர்த்தினார்கள். போன் தொலைந்தால் ஏற்றிய பணம் போகலாம், ஆனால் கணக்கு போகாது. சுருக்குப் பையில் பணம் வைத்திருப்பது போலத்தான். பாட்டியின் மகனோ மகளோ ஞாயிற்றுக்கிழமை ஏற்றி வைத்தால் வாரம் முழுவதற்கும் ஆயிற்று. 2024 ஆகஸ்டில் யு.பி.ஐ. சர்க்கிள் என்று இன்னொன்று வந்தது. கணக்குக்காரர் தன் மகனுக்கோ கடைப் பையனுக்கோ ஓர் அளவு வரை செலுத்த அனுமதி கொடுக்கலாம். எண்ணைச் சொல்ல வேண்டியதில்லை. கொள்முதல் பணம் அனுப்பக் கடைப் பையனிடம் நம் எண்ணைச் சொல்லி வைத்திருக்கும் அன்பர்கள் இதை அவசியம் விசாரித்துப் பார்க்க வேண்டும்.

2025 அக்டோபரில் கைரேகை, முகம் கொண்டும் யு.பி.ஐ.யில் ஒப்புதல் தரும் வசதியை அறிமுகம் செய்தார்கள். நல்லதுதான். ஆனால் ஏலத்தட்டைக்குள் கை விட்டு வருஷக்கணக்காகக் காய் எடுத்த விரல்களில் ரேகை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது ரேஷன் கடை மிஷின் முன் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அவர்களுக்கு எண்தான் கைகொடுக்கும்.

எதுவும் சரிவராவிட்டால் நம் பழைய வழி இருக்கிறது. "அம்மா, இன்னைக்குச் சிட்டையில எழுதிக்கிறேன், மகன் வந்தா அனுப்புங்க" என்று சொல்லலாம். கடன் கொடுக்கத் தெரிந்த நமக்கு, எண்ணை வாங்காமல் இருக்கத் தெரியாதா?

இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒரு சனிக்கிழமை அந்தக் கடைக்குப் போனோம். வெல்ல மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி, மேலே ஒரு பல்பு, மூன்று பக்கமும் பிஸ்கட் அட்டைப்பெட்டியை வெட்டி நிறுத்தி மறைப்பு. அதே அம்மா வந்தார். பையன் தொகையைப் போட்டு, போனைத் திருப்பி அவர் கையில் கொடுத்துவிட்டு அரிசி மூட்டைப் பக்கம் திரும்பி நின்றான். எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். அம்மா ஒவ்வொன்றாகத் தேடி அழுத்தினார். நேரம் ஆனது, பின்னால் ஒருவர் முணுமுணுத்தார். சவுண்ட் பாக்ஸ் தொகையைச் சொன்னதும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு.

"இப்ப எத்தன பேரு நம்பர் தெரியும்ணே?" என்று கேட்டோம்.

"எல்லாரையும் மாத்தச் சொல்லிட்டேன். அவங்கவங்க பிள்ளைகள வச்சு மாத்திட்டாங்க. ஒரு அஞ்சாறு பேரு மட்டும் 'ஒனக்குத் தெரிஞ்சா என்னப்பா'ன்னு மாட்டேங்கிறாங்க. வர்ற வாரம் இன்னொரு தடவ சொல்லணும்" என்று சொல்லிவிட்டு, அடுத்தவர் பையில் துவரம்பருப்பை நிறுத்துப் போடத் திரும்பினார்.